மூர்லேண்ட், கிராவல் பைக்: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

இங்கிலாந்தின் வடக்கு யார்க் மூர்ஸ் பகுதிக்கு ஒரு சைக்கிள் தடக் குறிப்பைத் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. முதல் வரியிலேயே இரண்டு சொற்கள் தடுக்கின்றன. மூர்லேண்டுக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் தரிசு, சதுப்பு, வன்புலம். தார் போடாத கல்பாதையிலும் ஓடும் சைக்கிளான கிராவல் பைக்குக்கு வந்தவை சரளைவண்டி, கரட்டுவண்டி. இவற்றில் எந்தச் சொல்லை எடுத்தாலும், அதை நம்பி ஓட்டுகிறவர் ஓரிடத்தில் ஏமாந்துபோவார்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மூர் என்பது மரமில்லாத, காற்று நேராக அறையும் மேட்டு நிலம். முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர் மண்டியிருக்கும். ஆகஸ்டில் மலை முழுக்க ஊதாப் பூவாக மாறும். மண் கறுப்பு. மழைநீர் வடியாமல் தேங்குவதால் காற்றுப் புகாது. செத்த பாசியும் செடியும் முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்துகிடக்கும். ஆங்கிலத்தில் பீட் என்பது இதைத்தான். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் தேயிலைச் சாறு நிறத்தில் தண்ணீர் சொட்டும், பாதி மக்கிய நார் விரலிடுக்கில் நிற்கும்.

அதனால் 'தரிசு' ஒத்துவராது. தரிசு என்றால் யாரும் கைவைக்காமல் போட்ட நிலம். இந்த நிலமோ ஓயாமல் பராமரிக்கப்படுவது. கிரவுஸ் என்ற பறவைக்காக முதிர்ந்த ஹெதரைப் பட்டை பட்டையாக எரித்து இளந்துளிர் வரவைக்கிறார்கள், செம்மறி மேய்கிறது. ஆகஸ்ட் 12-இல் கிரவுஸ் வேட்டைப் பருவம் தொடங்கிவிட்டால் வேட்டை நடக்கும் இடத்துக்கு முன்னால் நின்று, கைகாட்டிய பிறகே போக வேண்டும். 'தரிசு' என்று படித்தவருக்கு இந்த எச்சரிக்கை எதற்கென்றே விளங்காது.

'சதுப்பு' என்றால் ஓட்டவே முடியாது என்று ஆகிவிடும். மூரில் சதுப்பு உண்டு, ஆனால் மூர் முழுவதும் சதுப்பு அல்ல.

என் பரிந்துரை: புதர்வெளி. புல்வெளி என்ற சொல்லின் அதே அச்சு. கருத்துச் சொல்லுங்கள்.

*

வணக்கம்.

> வன்புலம்

இதை முன்மொழிந்தவன் நான். சங்க இலக்கியத்தில் முல்லை, குறிஞ்சி நிலம் வன்புலம். வயலும் கடற்கரையும் மென்புலம். மேட்டு நிலம், மேய்ச்சல் எல்லாம் பொருந்துவதால் பிடித்திருந்தது. ஆனால் பீட் பற்றிப் படித்தபின் விட்டுவிடுகிறேன். சக்கரம் புதையும் நிலத்துக்கு 'வன்' என்று பெயர் வைப்பது நேர் எதிர். 'புறவு' என்றும் ஒரு பழஞ்சொல் உண்டு, முல்லைக்காட்டைக் குறிக்கும். இன்றைய வாசகர் புறா என்றுதான் படிப்பார். புதர்வெளிக்கு என் ஒப்புதல்.

ஒரு தடை மட்டும். நீலகிரி மேட்டுப் புல்வெளிகளையும் இதே சொல்லில் சேர்த்துவிடக் கூடாது. அங்கே புல்தான் தரை, மடிப்புகளில் சோலைக்காடு. புதர்வெளி என்பது ஹெதர் போன்ற குறும்புதர் மூடிய நிலத்துக்கு மட்டும் என்று வரையறையில் எழுதிவிடுங்கள்.

பீட்டுக்கு 'அரைமக்கு மண்' என்று வைக்கலாமா? மக்கிய குப்பை எல்லாருக்கும் தெரியும். பாதியில் நின்றது என்பதை 'அரை' காட்டிவிடுகிறது. 'முற்றா நிலக்கரி' என்றும் எழுதுகிறார்கள். எரிபொருள் பேச்சுக்கு அது சரி, தரையைப் பற்றிய பேச்சுக்குச் சரிவராது. காலடியில் கரி இருப்பதாக நினைத்துவிடுவார்கள்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து.

மிதிவண்டி, ஈருருளி, துவிச்சக்கரவண்டி எல்லாமே எங்களுக்கு விளங்கும். அதில் சண்டை வேண்டாம். என் கவலை 'கிராவல்' பற்றியது. இங்கே கிறவல் வீதி என்றால் செம்மண்ணும் பொடிக்கல்லும் கொட்டி இறுக்கின வீதி. தமிழ்நாட்டிலும் கிராவல் மண் என்றால் பள்ளம் நிரப்பக் கொட்டுகிற செம்மண்தானே? ஆகவே 'கிராவல் சைக்கிள்' என்று அப்படியே எழுதினால் இரண்டு கரையிலும் செம்மண் வீதிதான் மனதில் வரும். இங்கிலாந்துப் புதர்வெளியில் கிடப்பதோ கூரான உடைகல்லும் பழைய ரயில்பாதைச் சாம்பலும். டயர் தெரிவே மாறிப்போகும்.

சரளை என்ற சொல் சிறுகல்லை மட்டும் சுட்டுவதால் அதுவே நல்லது. ஆனால் 'சரளைவண்டி' வேண்டாம். சரளை ஏற்றிவரும் டிராக்டர் என்றுதான் எவரும் நினைப்பர். நீளமானாலும் 'சரளை மிதிவண்டி' என்றே எழுதுவோம், ஓட்டுவதற்குச் 'சரளையோட்டம்'.

*

> சரளை மிதிவண்டி

ஏற்கலாம். 'கரட்டுவண்டி'யை நான் எதிர்ப்பதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கரடு என்றால் சிறு பாறைக்குன்று. அது மலை மிதிவண்டியின் இடம். அந்த வண்டிக்கு முன்னால் அதிர்வுதாங்கி உண்டு, டயர் 55 மி.மீ.க்கு மேல். சரளை மிதிவண்டியில் கைப்பிடி கீழ்நோக்கி வளைந்தது, டயர் 40 முதல் 50 மி.மீ., பெரும்பாலும் அதிர்வுதாங்கி இல்லை. கரடு என்ற பெயரை நம்பிப் படிக்கட்டுப் பாறையில் இறக்கினால் பின்சக்கர ரிம் நெளியும்.

சொல்லுக்குப் பின்னால் இந்த அளவுகளும் போகட்டும். 75 கிலோ ஆள், 42 மி.மீ. டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் என்றால் காற்றழுத்தம் முன்னால் 30, பின்னால் 33 பி.எஸ்.ஐ. சுற்றி ஆரம்பித்துப் பார்க்கலாம். உள்ளே டியூப் இருந்தால் ஐந்தாறு கூட வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். துளையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவமான சீலண்ட் சக்கரத்துக்குச் சுமார் 60 மி.லி.; சில மாதத்தில் காய்ந்துவிடும், குலுக்கிப் பார்த்துச் சலசலப்பு இல்லையென்றால் ஊற்ற வேண்டும். சிறு துளையைச் சீலண்டே அடைக்கும், பெரியதற்கு ரப்பர் திரி செருக வேண்டும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் இரண்டாலும் பயனில்லை. உள்ளே ஒரு பழைய டயர்த் துண்டை வைத்து டியூப் போட்டுத்தான் ஊர் சேர வேண்டும்.

இப்போது பெரிய சிக்கல்: பிரிடில்வே, அதாவது குதிரையில் போகவும் உரிமையுள்ள பொதுப்பாதை. 'குதிரைப்பாதை' என்று எழுதினால் சைக்கிளுக்கு இடமில்லை என்று வாசகர் திரும்பிவிடுவார். உண்மை நேர்மாறு. இங்கிலாந்து, வேல்ஸில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை கொடுத்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. உரிமை இல்லாதது நடப்பவருக்கு மட்டுமான ஃபுட்பாத்தில்தான். அதை 'நடைபாதை' என்றால் சென்னை வாசகருக்குச் சாலையோரப் பிளாட்பாரம்!

என் முன்மொழிவு: பொது உரிமையுள்ள வழிகள் எல்லாம் 'உரிமைவழி'. அதற்குள் மஞ்சள் அம்பு இருந்தால் நடைவழி, சைக்கிள் கூடாது. நீல அம்பு குதிரைவழி, சைக்கிள் போகலாம். கருஞ்சிவப்பு ஊதா அம்புள்ள வழியில் எஞ்சின் வண்டி தவிர எல்லாம் போகலாம். சிவப்பு அம்பில் எஞ்சின் வண்டியும் போகும். குதிரைவழி என்ற தலைச்சொல்லுக்கு நேராக 'சைக்கிளுக்கு உண்டு' என்று கட்டாயம் அச்சிட வேண்டும். ஸ்காட்லாந்துக்கு இந்தச் சொற்களைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே 2003-ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு.

*

அன்புள்ள நண்பர்களுக்கு,

இந்தச் சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். தட்டுகிற இடத்தைச் சொல்லுங்கள்.

"இங்கிள்பி சரிவு 5-க்கு 1 ஏற்றம் (5 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும்). 1861 முதல் ரோஸ்டேல் இரும்புக்கல் இறங்கிய ரயில் சரிவு இது. இறங்கும் பெட்டியின் பாரமே கம்பிவடத்தால் காலிப்பெட்டியை மேலே இழுத்தது. முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னதில் 42 பல் இருந்தாலும் உட்கார்ந்தே மிதிக்கவும். எழுந்தால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து சரளையில் வழுக்கும். உச்சிக்கு வந்தபின் புளோவொர்த் கிராசிங்கிலிருந்து பிளேக்கி வரை பழைய ரயில் தடம், ஏறக்குறைய சமதளம். தண்டவாளம் 1929-இல் பாதை மூடியபின் அகற்றப்பட்டது. மழைக்குப் பின்னும் ஓட்டலாம், ஏனென்றால் அடியில் கல்லும் சாம்பலும். தடத்தை விட்டுப் புதர்வெளிக்குள் சக்கரத்தை இறக்க வேண்டாம்: அரைமக்கு மண்ணில் விழுந்த டயர்ப் பள்ளம் அடுத்த மழையில் ஓடையாக அரிக்கும்."

படிக்க ஓடுகிறது. ஒன்று குறைகிறது. பாதையின் குறுக்கே, மழைநீரை ஓரம் தள்ளுவதற்காக, சாய்வாகப் பதித்த கல்வரிசைக்குப் பெயர் இல்லை. அவசியம் வேண்டும், இறக்கத்தில் பஞ்சரும் விழுதலும் அதிகம் நடக்கிற இடம் அது. பாதை நேராகப் போக, கல் சாய்ந்திருப்பதால் ஈரச் சக்கரம் கல்லோடு வழுக்கிக்கொண்டு போகும். முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, கல்லுக்குச் செங்கோணமாக வண்டியைத் திருப்பி, தாண்டும் நொடியில் பிரேக்கை விட்டு உடம்பை லேசாக்க வேண்டும். 'வடிகல்' என்று எழுதலாமா?

*

வடிகல் அழகாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் வடிகட்டும் கல் என்று படிக்க வாய்ப்பு. 'குறுக்குவடிகல்' என்று எழுதுங்கள். ஓட்டுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அது குறுக்கே கிடக்கிறது என்பது.

பத்தியில் ஒரு திருத்தம்: "ஏறக்குறைய சமதளம்" என்ற இடத்தில் "எதிர்காற்றில் சமதளமும் ஏற்றம்போல் இழுக்கும், ஒதுங்க மரம் இல்லை" என்று சேர்த்துவிடுங்கள். அடுத்த மடலில் ஸ்கார்பரோ–விட்பி பாதையை எடுப்போம். சிண்டர் டிராக் என்ற அதன் ஆங்கிலப் பெயரே எரிந்த நிலக்கரிச் சாம்பலிலிருந்து வந்தது. 1885-இல் திறந்து 1965-இல் மூடிய ரயில் தடம், ரேவன்ஸ்காருக்கு ஏறும்போது 39-க்கு 1. அந்தத் தரைக்குச் 'சாம்பற்சரளை' போதுமா என்று யோசித்து வையுங்கள்.