வீட்டில் வாஃபிள் சுட்ட அனுபவங்கள்: ஒட்டியதும் உரிந்ததும்

ஒஸ்லோவிலிருந்து:

நோர்வேக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே, இரு சூட்டுத் தட்டுகள் கொண்ட அச்சில் மாக் கலவையை ஊற்றிச் சுடும் வாஃபிளை உண்டு பழகிவிட்டேன். ஆனால் அதை வீட்டில் கலக்கி, சுட்டு, அச்சில் ஒட்டாமல் எடுக்கக் கற்றுக்கொள்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. இங்கே பாடசாலை விழாவோ பிள்ளைகளின் உதைபந்தாட்டப் போட்டியோ நடந்தால், ஒரு மூலையில் மேசை போட்டு யாராவது ஒரு தாயோ தந்தையோ வாஃபிள் சுட்டு விற்றுக்கொண்டிருப்பார்கள். 'டுக்னாட்' என்று இவர்கள் சொல்லும், நம் ஊர்ச் சிரமதானத்தை ஒத்த பொதுவேலை நாட்களிலும் அதுதான் சிற்றுண்டி. மகளின் அணிக்காக 2 லீற்றர் கலவை கொண்டுவரும் பொறுப்பு ஒருமுறை என் பெயரில் விழுந்தது. பெட்டியில் வரும் ஆயத்த மாவில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோக மனம் ஒப்பவில்லை என்பதால், முதல் நாள் மாலையே வீட்டில் ஒத்திகை பார்க்கத் தொடங்கினேன்.

நான் எடுத்த அளவு இங்கே பெரும்பாலான வீடுகளில் வழங்குவதுதான்: முட்டை 4, சீனி ஒன்றரை டெசிலீற்றர் (ஒரு டெசிலீற்றர் என்பது 100 மில்லி), பால் 6 டெசிலீற்றர், கோதுமை மா 5 டெசிலீற்றர், அதாவது ஏறக்குறைய 300 கிராம், உருக்கிய வெண்ணெய் 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, ஏலக்காய்த்தூள் ஒரு தேக்கரண்டி. அளவில் பிழை எதுவும் இருக்கவில்லை. ஆனால் கலந்த கையோடு அச்சில் ஊற்றி, அச்சின் பச்சை விளக்கு எரிந்தவுடன் மூடியைத் தூக்கினேன். வாஃபிளின் மேல்பாதி மூடியோடும் கீழ்ப்பாதி அடித்தட்டோடும் ஒட்டிக்கொள்ள, நடுவே பச்சை மா கம்பி போல் இழுபட்டது. கரண்டியால் சுரண்டினேன், இரண்டாவதும் அப்படியே ஆனது. மூன்றாவதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கருகிய வாசனை படிக்கட்டு வழியாக இறங்கியிருக்க வேண்டும், கீழ் வீட்டில் தனியாக வசிக்கும் முதிய அம்மையார் கதவைத் தட்டினார்.

அவர் கலவையைக் கரண்டியால் ஒருமுறை தூக்கி ஊற்றிப் பார்த்துவிட்டு, அதை அரை மணி நேரம் மூடி வைக்கச் சொன்னார். மா பாலைக் குடித்து ஊதவேண்டுமாம். அந்த அரை மணி நேரத்தில் மரக்குச்சி ஒன்றாலும் ஈரத்துணியாலும் என் அச்சைச் சுத்தம் செய்து கொடுத்தார். உலோகக் கரண்டி பட்டதால் பூச்சில் விழுந்த கீறலை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. மீண்டும் சூடேற்றியபோது கலவை முன்னைவிடத் தடித்து, தோசை மாப் பதத்தைவிடச் சற்று இறுக்கமாக இருந்தது. ஊற்றி மூடியதும் என் கை தானாக மூடியின் பிடியை நோக்கிப் போனது. அவர் என் கையைப் பிடித்து, 'ஆவியைப் பார்' என்றார்.

அன்றுதான் நான் உண்மையில் பார்த்தேன். முதலில் அச்சின் நான்கு பக்கமும் இட்டலிச் சட்டியிலிருந்து வருவது போல் ஆவி தடித்து எழுந்தது. பச்சை விளக்கு அந்த ஆவியின் நடுவிலேயே எரிந்தது. தட்டின் சூடு மீண்டும் ஏறிவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது, வாஃபிள் வெந்ததா என்பது அதற்குத் தெரியாது. பிறகு ஆவி மெலிந்து நூலாகி, ஏலக்காய் வாசனைக்குப் பின்னால் வெண்ணெய் சிவக்கும் வாசனை வந்தது. அப்போது மூடியை விரல் நுனியால் தொட்டார். அது தடையின்றி எழுந்தது. உள்ளே ஈரம் இருக்கும்வரை மா இரு தட்டுகளையும் பற்றிக்கொள்ளும் என்பதையும், வெளிப்பக்கம் இறுகிய பின் தானே கைவிடும் என்பதையும் அந்த ஒரு தடவையில் புரிந்துகொண்டேன். ஐந்து இதய வடிவங்கள் காம்பில் கூடிய பூப்போல வட்டமாக வந்தது அந்த வாஃபிள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் வீட்டு ஏலக்காய்த்தூள் கடையில் வாங்கிய சிறு புட்டியில் இருந்தது. மணம் போய்ப் பல நாளாகியிருந்தது. நான் பச்சை ஏலக்காயை உரலில் இடித்துப் போட்டதைக் கண்டு அவர் முதலில் 'இது அதிகம்' என்றார். மறுவாரம் அந்த உரலையே இரவல் கேட்டு வந்தார். வாஃபிளின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியை மெல்லிய ஏடாகச் சீவி வைத்து உண்பது இங்குள்ள வழக்கம். பால் திரிந்தபின் மிஞ்சும் தெளிநீரை வற்றக் காய்ச்சிச் செய்வது அது. உப்புப் போட்ட பால்கோவா என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். சீவும் கருவிக்கு 1925 ஆம் ஆண்டிலேயே தோர் பியோர்க்லுண்ட் என்ற நோர்வேத் தச்சர் காப்புரிமை பெற்றிருக்கிறார். இழைப்புளியைப் பார்த்து யோசித்தாராம். பார்த்தவுடன் அது விளங்கும்.

கோவையிலிருந்து:

ஒஸ்லோ அக்காவுக்கு வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான், இயந்திரத்தில் குறை என்று நான் இத்தனை நாள் திட்டியதெல்லாம் அநியாயம் என்று தெரிந்தது. என் சிக்கல் ஒட்டுவதில் மட்டும் இல்லை, மொறுமொறுப்பிலும் இருந்தது. கடையில் வாங்கித் தந்த வாஃபிளைப் போலவே வீட்டிலும் வேண்டும் என்று மகன் கேட்டான். எங்கள் வீட்டில் மாமியார் முட்டை சேர்ப்பதில்லை. ஆகவே முட்டையில்லாமல், தயிரையும் சமையல் சோடாவையும் நம்பி இறங்கினேன்.

முதல் நாள் நான் செய்த தவறு, மைதாவையும் தயிரையும் பாலையும் மிக்ஸியில் போட்டுக் கட்டி இல்லாமல் அடித்ததுதான். பஜ்ஜி மாவில்கூடக் கட்டி இருந்தால் பொறுக்காதவள் நான். மாவு பட்டுப்போல இருந்தது, வாஃபிள் செருப்புத்தோல் போல வந்தது. மைதாவை ஈரத்தோடு எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவு அதன் பசைத்தன்மை வலுக்கிறது. பரோட்டாவுக்கு நாம் வேண்டி விரும்பிச் செய்வது வாஃபிளுக்கு ஆகாது. மறுமுறை உலர்ந்தவற்றைத் தனியாகவும் ஈரமானவற்றைத் தனியாகவும் கலந்து, இரண்டையும் மரக்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று மட்டும் கலக்கி, சிறு கட்டிகள் தெரியத் தெரிய விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் விட்டேன். ஆனால் வெந்தபின் ஒரு கட்டியும் தெரியவில்லை.

இப்போது நான் வைத்திருக்கும் அளவு: மைதா 200 கிராம், சோளமாவு 30 கிராம், கெட்டித் தயிர் 200 மில்லி, பால் 150 மில்லி, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி. கடை வெண்ணெயில் உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போடுவதில்லை. சோளமாவில் அந்தப் பசைத்தன்மை கிடையாது என்பதால் மேற்புறம் மொறுமொறுவென்று வருகிறது. தயிரின் புளிப்பு பட்டவுடன் சோடா பொங்கத் தொடங்கிவிடும். ஆகையால் இந்தக் கலவையை நீங்கள் சொன்னபடி அரை மணி நேரம் வைக்காமல், அச்சு சூடான பிறகே சோடாவைச் சேர்க்கிறேன்.

அதன் பிறகும் ஒரு மர்மம் மிஞ்சியிருந்தது. அச்சிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுப்பாக இருந்த வாஃபிள், சாப்பிட உட்காரும்போது துவண்டு போனது. காரணம் என் ஹாட்பாக்ஸ். சப்பாத்தி அடுக்குவது போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடியதில், ஒன்றின் ஆவியை மற்றொன்று குடித்திருக்கிறது. இப்போது பூரி வடிக்கும் கம்பிச் சல்லடையை ஒரு பாத்திரத்தின் மேல் வைத்து, அதில் ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பிவிடுகிறேன். அடியிலும் காற்றுப் போகிறது. மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அச்சு முறுக்குக்கு அச்சைக் காயவைக்காமல் முக்கினால் மாவு பிடிக்குமா? இதுவும் அதே கதைதான்' என்றார். அச்சை ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் காயவைக்க வேண்டும் என்று எனக்குக் குறிப்புப் புத்தகம் சொல்லியிருந்தது. அவருக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

லூவனிலிருந்து:

நான் இங்கே படிக்க வந்தவன். 'பெல்ஜியன் வாஃபிள்' என்று உலகம் அழைக்கும் பண்டம் பெல்ஜியத்தில் ஒரே வகையாக இல்லை என்பதே எனக்கு வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். பிரசெல்ஸ் வாஃபிள் நீண்ட சதுரமாக, ஆழமான குழிகளோடு, ஈஸ்ட் சேர்த்த நீர்த்த கலவையில் சுடப்படுவது. 1964 ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் மோரிஸ் வெர்மெர்ஷ் என்ற பெல்ஜியர் அதை 'பெல்-ஜெம்' என்ற பெயரில் ஸ்ட்ராபெரியும் நுரைத்த பாலேடும் வைத்து விற்றார். அமெரிக்கர்களுக்குப் 'பெல்ஜியன் வாஃபிள்' என்ற பெயர்தான் நிலைத்தது. லியேஜ் வாஃபிள் வேறு சாதி. அது ஊற்றும் கலவையே அன்று, பிசைந்து உருட்டும் மாவு. அதற்குள் 'முத்துச் சர்க்கரை' எனப்படும் வெள்ளைக் கட்டிகள் இருக்கும், அவை பாதி உருகிப் பாகாகி மேலே ஓடு கட்டும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் முத்துச் சர்க்கரை வாங்கச் சோம்பல்பட்டு, அறைத்தோழனின் புது இயந்திரத்தை இரவல் வாங்கிக்கொண்டு, சாதாரணச் சர்க்கரையையே மாவில் பிசைந்தேன். பொடிச் சர்க்கரை மாவிலேயே கரைந்து நீர்விட்டது; உருண்டை நிற்காமல் சரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அச்சில் வைத்து மூடினேன். பாகு விளிம்பு வழியாக வழிந்து புகைந்தது. பதறி மின் இணைப்பைப் பிடுங்கினேன். அதுதான் பெரிய பிழை. ஆறிய பாகு கண்ணாடி போல் இறுகி, இரு தட்டுகளையும் பூட்டிவிட்டது. ஒரு மணி நேரம் மூடியோடு மல்லுக்கட்டிய பிறகுதான், பாகைச் சூட்டினால்தான் இளக்க முடியும் என்ற எளிய உண்மை நினைவுக்கு வந்தது. மீண்டும் சூடேற்றியதும் மூடி முனகிக்கொண்டே திறந்தது. மரக்கரண்டியால் பாகை வழித்து, ஆறவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியைத் தட்டுகளுக்கிடையே இரவு முழுவதும் வைத்துத் துடைத்தேன். தோழன் இன்றுவரை அதைப் பற்றிப் பேசவில்லை. அதுவே பேசியது போல இருக்கிறது.

இப்போது 500 கிராம் மாவுக்கு 250 கிராம் வெண்ணெயும் 2 முட்டையும் பாலும் ஈஸ்டும் சேர்த்துப் பிசைந்து, அது பொங்கி இருமடங்கான பிறகே 300 கிராம் முத்துச் சர்க்கரையைக் கையால் மெதுவாக உள்ளே சேர்க்கிறேன். நூறு கிராம் உருண்டைகளாகப் பிடித்து, கால் மணி நேரம் ஓய்வு கொடுத்து, மிதமான சூட்டில் சுடுகிறேன். இரண்டு வாஃபிளுக்கு ஒருமுறை தட்டைத் துடைக்காவிட்டால், தங்கியிருக்கும் பாகு கருகி அடுத்ததைக் கசக்க வைக்கும். எடுத்தவுடன் வாயில் வைக்கவேண்டாம். பாகின் சூடு வெந்நீரின் சூட்டைவிடக் கொடியது, என் நாக்கு சாட்சி.

நியூ ஜெர்சியிலிருந்து:

அச்சு பூட்டிக்கொண்ட தம்பி வருந்தவேண்டாம்; உங்களுக்குப் பெரிய முன்னோடி இருக்கிறார். ஓட்டப் பயிற்றுநர் பில் பவர்மன் 1971 ஆம் ஆண்டில் காலணிக்கு நல்ல பிடிமானமுள்ள அடிப்பாகம் தேடி, மனைவியின் வாஃபிள் அச்சில் யூரித்தேன் ரப்பரை ஊற்றினார். முன்கூட்டியே எண்ணெய் போன்ற எதையும் தடவ மறந்ததால் அச்சு நிரந்தரமாக மூடிக்கொண்டது. நைக்கி நிறுவனத்தின் வாஃபிள் காலணி அங்கிருந்துதான் வந்தது. நம் அச்சிலிருந்து வருவது காலை உணவு மட்டுமே என்பதால் எண்ணெய் தடவ மறக்கவேண்டாம். ஆனால் பீய்ச்சும் குப்பியில் வரும் எண்ணெயை ஒட்டாப் பூச்சுள்ள தட்டில் நான் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். அதிலுள்ள லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் ஒவ்வொரு தடவையும் மெல்லிய படலமாகப் படிந்து பிசினாகி, ஆறு மாதத்தில் ஒட்டாத அச்சை ஒட்டும் அச்சாக்கியது. சமையல் எண்ணெயைத் தூரிகையால் தடவுவதே போதுமானதாக இருக்கிறது.

ஒஸ்லோவிலிருந்து, மீண்டும்:

கோவைத் தங்கச்சியின் கலவையைச் சென்ற ஞாயிறு சுட்டுப் பார்த்தேன். இங்குள்ள வாஃபிள் மெல்லியதாகவும் மென்மையாகவும் இருப்பது. மடித்து உண்ணவேண்டும் என்பதால் மொறுமொறுப்பை யாரும் தேடுவதில்லை. உங்கள் சோளமாவினால் ஓரங்கள் அழகாக மொறுமொறுத்தன, இதயங்களின் நடுப்பகுதி மட்டும் வழக்கம்போல் மென்மையாகவே இருந்தது. சூட்டைக் கூட்டியும் இன்னும் இரண்டு நிமிடம் விட்டும் பார்த்தேன். நடுப்பகுதி மொறுமொறுப்பதற்குள் ஓரம் கருகியது. என் அச்சின் பள்ளங்கள் ஆழமற்றவை என்பதே காரணமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். கீழ் வீட்டு அம்மையார் அதில் பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்து மடித்தார். ஓரம் ஒடிந்து மடியிலே விழுந்தது. லூவன் தம்பியிடம் ஆழமான பிரசெல்ஸ் அச்சு இருக்குமானால், இதே கலவையில் இடித்த ஏலக்காய் அரைத் தேக்கரண்டி சேர்த்துச் சுட்டுப் பார்த்து எழுதவும். தோழனின் அச்சு என்றால் வேண்டாம்.