பிரேக் ஷிப்ட் இல்லாம டிபன் ஓட்டல் ஓடுமா?

(கல்லாப்பெட்டி முதலாளி பக்கம் பேசுது, தோசைக்கல் வேலையாள் பக்கம். யாருக்கு எப்ப வேலைன்னு எழுதற ரோஸ்டர் நோட்டு நடுவுல.)

கல்லாப்பெட்டி: பிரேக் ஷிப்ட்னா ஒரே ஆளு காலைல 6–11, பொழுதோட 6–10. சாப்பாட்டு நேரம் போக 8½ மணி வேலை, நடுவுல 7 மணி ஓய்வு. இதுல என்னங்க கொடுமை? காலைல எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும்தான் டேபிள் நிறையுது. 12 சப்ளையரை ஆறாறாப் பிரிச்சா ரெண்டு கூட்டத்துக்கும் பாதி ஆள்தான். திருப்பூர்ல சனிக்கிழமை சம்பள ராத்திரி அப்படி ஓட்டிப் பாருங்க.

தோசைக்கல்: அந்த 7 மணியை எங்க கழிக்கறதாமா? ரூம் மொட்டை மாடில, தகரக் கூரை. சித்திரை மத்தியானம் கண்ணை மூட முடியாதுங்க. ராத்திரி கடை கட்டிப் படுக்க 11:30, எந்திரிக்க 5. அஞ்சரை மணித் தூக்கத்துல ஆர்டர் மாறாம என்ன செய்யும்? அதுவும் போக 8½ மணி, ஆறு நாளுக்கு 51. சட்டத்துல வாரம் 48. மிச்சம் 3 மணி எந்த நோட்டுல இருக்குது?

கல்லாப்பெட்டி: சட்டம் பேசறது சுலபம். தோசை மாஸ்டருக்கு வார லீவு விட்டா அன்னிக்குக் கல்லுல நிக்கறது யாரு, நீங்களா?

ரோஸ்டர் நோட்டு: ஆறு இடத்துக்கு ஏழு ஆள் போடுங்க. ஏழு பேர் ஆறு நாள் 42, ஆறு இடம் ஏழு நாளும் 42. சப்ளைல இது அச்சா உக்காரும். கல்லுலதான் உக்காராது, சப்ளையரைத் தூக்கி அங்க நிறுத்த முடியாதில்லீங்களா? அதனால ஹெல்பரை மத்தியானம் 3–5 கூட்டமில்லாதப்ப பழக்கணும். முதல்ல ஊத்தப்பம், அப்புறம் கல்தோசை, ரோஸ்ட் கடைசி. தண்ணி தெளிச்சுக் கல்லுச் சூட்டை இறக்காம மாவை இழுத்தா கரண்டியோடவே சுருண்டு வந்துரும். அந்தக் கை வர நாளாகும், அவசரப்படுத்தக் கூடாது. சமையல்கட்டுக்கு நடுவுல பிரிக்காத நேர் ஷிப்ட். ராத்திரி சப்ளைக்கு 6:30–10:30 காலேஜ் பசங்க.

கல்லாப்பெட்டி: பரீட்சைன்னா அவுங்க ஒட்டுக்காக் காணாமப் போவாங்க.

ரோஸ்டர் நோட்டு: ஒரே காலேஜ்ல எடுத்தா அப்படித்தானுங்க.

தோசைக்கல்: வார லீவுலயும் ஒரு சிக்கல் இருக்குது. ராமநாதபுரத்து ஆளுக்கு ஒரு நாள் லீவு ரூம்லயே போயிரும். மாசத்து லீவு நாலையும் சேர்த்துத்தான் கேப்பான், ஊருக்குப் போக. ஆனா 26 நாள் தொடர்ந்து நின்னா உடம்பு படுத்துக்கும். ரெண்டு ரெண்டாக் கொடுங்க. ஆடில முகூர்த்தம் இல்லை, அப்பப் பத்து நாள் விடலாம். புரட்டாசில சைவ ஓட்டல்ல கூட்டம் ஏறும், அப்பக் கேக்க மாட்டாங்க.

கல்லாப்பெட்டி: வாங்கின அட்வான்ஸ் சம்பளத்துல கழியாம ஊருக்கு விட்டா திரும்பி வருவானா?

தோசைக்கல்: கழியாதவனும்தான் அடுத்த ஓட்டல்ல இன்னொரு அட்வான்ஸ் வாங்கிட்டுப் போறான். ஆனியிலயே ஆடி லீவுத் தேதியை எழுதி ரூம் சுவத்துல ஒட்டுங்க. அதோட டிப்ஸ் டப்பாவுல டேபிள் துடைக்கறவுங்களுக்கும் பங்கு வையுங்க. வேலையை விட்டு முதல்ல ஓடறது அவுங்கதான்.