தப்பிச் சென்ற லூயி மன்னர் எழுதி வைத்த விளக்கத்தை எவ்வாறு வாசிப்பது?

கேள்வி: உயர்தர மாணவி, கிளிநொச்சி
பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், பிரான்சின் பதினாறாம் லூயி மன்னர் 1791 யூன் 20 இரவு குடும்பத்துடன் பாரிஸை விட்டுப் புறப்பட்டபோது, பாதுகாப்புத் தேடியே போவதாகக் கைப்பட எழுதி வைத்துச் சென்றார். பதுங்குகுழியிலும் தறப்பாள் கொட்டிலிலும் உயிர் காத்தவர்களின் மகளான எனக்கு இது குற்றமாகப் படவில்லை. அவரை ஏன் துரோகி என்றார்கள்?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், முல்லைத்தீவு
பிள்ளை, ஓடியதைவிட எழுதியதே அவரைக் கெடுத்தது என்பேன். அந்த நீண்ட ஆவணத்தில் உயிரச்சம் ஒரு பகுதிதான்; அரண்மனையின் வசதிக் குறைவு, ஆண்டுக்கு ஒதுக்கிய 250 இலட்சம் லிவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) போதாமை, அரசியல் கழகங்களின் ஆதிக்கம் என்று முறைப்பாடுகளே நிறைந்திருக்கின்றன. (250 இலட்சமும் போதாதென்றால் பாண் வரிசையில் நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!) அதைவிட, பாரிஸில் தாம் ஒப்பமிட்டவை யாவும் சிறைப்பட்ட நிலையில் செய்தவை என்று அதிலே மறுத்துவிட்டார். 1790 யூலை 14 அன்று அரசமைப்பைக் காப்பதாக மக்கள் முன்னிலையில் அவர் செய்த சத்தியம் அதனோடு பொய்த்தது. மன்னர் கடத்தப்பட்டார் என்று சொல்லி முடியைக் காப்பாற்ற முயன்ற தேசிய மன்றத்துக்கும் அவருடைய கையெழுத்தே எதிர்ச்சாட்சியாக நின்றது. நம் சனம் காணி உறுதியையும் பானையையும் சுமந்துகொண்டு ஓடியது. அவரோ எல்லையோரத்து மொன்மெடியில், தளபதி புயேயின் படைகளை நம்பிப் போனார்.

பதில்: வவுனியா வாசகர்
இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸையும் பாருங்கள். படையோடு வந்த மருமகன் வில்லியமுக்கு அஞ்சி 1688 டிசம்பரில் முதன்முறை ஓடியபோது அரச முத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் போட்டார். மீனவர்கள் பிடித்து உடல் முழுக்கச் சோதித்தார்கள். மறுமுறை ரொச்செஸ்டரிலிருந்து போகுமுன் எழுதியதில், படுக்கையில் இருந்த தம்மை வில்லியமின் ஆட்கள் நள்ளிரவுக்குப் பின் எழுப்பி வெளியேறச் சொன்னதைச் சுருக்கமாகக் குறித்தார். லூயியின் கடிதத்தைவிட அது கெட்டித்தனமான எழுத்து. ஆனாலும் 1689 இல் பாராளுமன்றம் அவர் தாமாகவே முடி துறந்தார் என்றே தீர்த்தது.

பதில்: மாங்குளம் வாசகர்
ஆசிரியர் ஐயா லூயியின் அச்சத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார். 1791 ஏப்ரல் 18 அன்று சென் குளூ அரண்மனைக்குப் புறப்பட்ட குடும்பத்தின் வண்டியைக் கூட்டம் மறித்தது. காவற்படைத் தளபதி லஃபயெட் கட்டளையிட்டும் படையினரே வழிவிட மறுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வண்டிக்குள் இருந்துவிட்டு மன்னர் திரும்பி உள்ளே போனார். அந்த நாளும் அவருடைய ஆவணத்தில் உண்டு. தங்கச்சி, விடைத்தாளில் முறைப்பாடுகளை மட்டும் எழுதி இதை விட்டுவிடாதீர்கள்.