யோட்லிங்: குரல் உடையாம வழுக்கிக்கிட்டே போகுது, உதவி வேணும்

கேட்டவர் (கோவை):
வணக்கம். 9 வருஷம் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவன், ஆண் குரல், 1 கட்டை சுருதி. சந்திரபாபு பாட்டுல வர்ற யோட்லிங் (கீழ்க் குரலுக்கும் மெல்லிய மேல் குரலுக்கும் 'டக்'னு தாவித் தாவிப் பாடறது) மேல ரொம்ப நாள் ஆசை. மூணு மாசமா முயற்சி பண்றேன். பஞ்சமத்துல இருந்து மேல் காந்தாரத்துக்குத் தாவினா, நடுவுல இருக்கற தைவதம், நிஷாதம், சட்ஜம் எல்லாத்தையும் தொட்டுக்கிட்டு ஜாருவா, அதாவது வழுக்கலா, போயிடுது. 'டக்'னு உடையற சத்தம் வரவே மாட்டேங்குது. அழுத்திப் பாடினா அரை மணி நேரத்துல தொண்டை கரகரங்குது.

இன்னொண்ணு: ஒரு சுவிஸ் யோடல் பதிவைத் தம்பூரா போட்டுக் கேட்டேன். அதுல வர்ற மத்யமம் ('ம') நம்ம சுத்த மத்யமமும் இல்ல, அதைவிட ஒசந்த பிரதி மத்யமமும் இல்ல. பதிவுல கோளாறா?

பதில் (பேர்ன், சுவிஸ்):
தம்பி, நான் இஞ்ச ஒரு யோடல் குழுவில கனகாலமாப் பாடுறன். உங்கட குரலில பிழை ஒண்டும் இல்லை. மேல போகேக்க குரல் மாறுறது தெரியக்கூடாது எண்டுதானே இவ்வளவு வருஷமும் பழகியிருக்கிறியள்? யோடலுக்கு அந்த மாற்றம்தான் வேணும்.

கீழ்க் குரலில குரல் நாண்கள் தடிச்சு, முழுசாச் சேர்ந்து அதிரும். மேல் குரலில மெல்லிசா நீண்டு, ஓரம் மட்டும் அதிரும். நீங்கள் தடிச்ச குரலையே மேல் காந்தாரம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போறியள். கரகரப்பு அதாலதான். வாத்தியார் 'கள்ளக்குரல்' எண்டு ஏசியிருப்பாரெல்லோ, அந்தக் குரலை வெக்கப்படாமல் எடுங்கோ.

முதல்ல ரண்டையும் பிரிச்சுப் பாடுங்கோ. பஞ்சமத்தில முழுக்குரலில 'ஓ'. நிப்பாட்டுங்கோ. பிறகு காந்தாரத்தில ஆந்தை மாதிரி மெல்லமா 'ஊ'. சரியா வந்த பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, கடைசியில ஒரே மூச்சில சேருங்கோ. கீழ 'ஓ', 'ஆ'. மேல 'ஊ', 'ஈ'. தாவேக்க சத்தத்தைக் கூட்டாமல் குறையுங்கோ. எல்லாரும் அதிலதான் பிழை விடுறவை. பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

மத்யமத்தைப் பிடிச்ச உங்கட காதுக்கு ஒரு கும்பிடு! பதிவில கோளாறு இல்லை. அது அல்ப்ஹோர்ன் எண்ட மலைக் கொம்பின்ர சுரம். அந்தக் கொம்பில துளையே இல்லை, ஊதேக்க இயற்கையா எழும்புற சுர வரிசை மட்டும்தான். தம்பூராவில அந்தர காந்தாரம் தானாக் கேக்குமெல்லோ? அது அந்த வரிசையில 5ஆவது. 11ஆவது உங்கட ரண்டு மத்யமத்துக்கும் நடுவில வந்து விழும். இஞ்ச அதுக்கு 'அல்ப்ஹோர்ன்-ஃபா' எண்டு பெயர். ஷ்வீட்ஸ் மாகாணத்து முவோட்டாடால் பள்ளத்தாக்கில சொல்லே இல்லாமல் பாடுற 'யூட்ஸ்' யோடலில இப்பவும் அதைக் கேக்கலாம்.

பதில் (சென்னை, மேடைப் பாடகர்):
அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். சந்திரபாபு, கிஷோர் குமார் பாணியெல்லாம் வேகமானது. கிஷோர் குமாருக்கு முன்னாடியே அமெரிக்காவுல ஜிம்மி ராட்ஜர்ஸ் 1927-ல பதிவு பண்ண ஆரம்பிச்ச 'புளூ யோடல்' பாட்டுகள்ல அந்தத் துள்ளல் இருக்கு. அதுல தொடங்காதீங்க, உடையறது எங்கேன்னே காதுக்குப் பிடிபடாது. சுவிஸ்ல அப்பென்ட்செல் பக்கத்து யோடல் மாதிரி நிதானமா இழுக்கறதுல பழகுங்க. கரகரப்பு வந்தா அன்னிக்குப் பாட்டு போதும். ரெண்டு வாரம் தாண்டியும் போகலைன்னா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேட்டவர் (16 நாள் கழிச்சு):
வந்துடுச்சு! நேத்து சாயங்காலம் மொட்டை மாடியில, துணி எடுக்கப் போனப்போ. மேல 'ஊ'ல நின்னு கீழ 'ஓ'வுக்கு இறங்கினேன். தொண்டைக்குள்ள ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான், நடுவுல ஒரு சுரமும் இல்ல. விரலைக் குரல்வளை மேல வச்சுப் பார்த்தேன், அது இடம் மாறறது நல்லாவே தெரியுது. இறங்கும்போது பத்துக்கு எட்டு தடவை வருது, ஏறும்போது மூணுதான். கரகரப்பு சுத்தமா இல்ல. ஏற்றத்துக்கு என்ன செய்யலாம் அக்கா?

பதில் (பேர்ன், சுவிஸ்):
சந்தோஷம் தம்பி! இறங்கி, மூச்சு விடாமல் அந்தச் சூட்டோடயே திரும்ப ஏறுங்கோ: ஊ–ஓ–ஊ. மேல்குரல் இப்பத்தான் இருந்த இடம் தொண்டைக்கு ஞாபகம் இருக்கும்.