குமரி மாவட்டத்தில் ஒரு தொடர்கொலை நாவல்: பிளஸ் டூ பிள்ளைகளைப் புலனாய்வுக்குள் கொண்டுவர முடியுமா?

கடலோரம்:
இளையோருக்கான த்ரில்லர் எழுதுறேன். 2025ல நடக்குது. பதினேழு வயசுல ஒரு பொண்ணு, ரெண்டு பையன்கள். மூணு சாவு, கொன்னது ஒரே ஆள். இன்ஸ்பெக்டர் இவங்களைக் கூடவே வச்சுத் துப்புத் துலக்குறார். ஜெயில்ல இருக்கிற பழைய கொலையாளிகிட்ட இவங்க போய்ப் பேசுற காட்சியும் உண்டு. சட்டத்துலயோ தடயத்துலயோ எங்க இடிக்கும்?

குழித்துறைக்காரன்:
ஜெயில் காட்சியை எடுத்திருங்க. தண்டனைக் கைதி பாளையங்கோட்டை மத்திய சிறையில இருப்பான். புலனாய்வுக்குன்னு மைனரை அவன் முன்னால உக்கார வைக்க எந்த அதிகாரியாலயும் முடியாது.

பிள்ளைகள் உள்ளே வரவேண்டிய இடம் அதுக்கு ரொம்ப முன்னால: இது கொலைன்னே போலீசுக்குத் தெரியாத கட்டம். ஆத்துல ஒரு பிணம் வந்தா "சாடிட்டா"ன்னு (குதிச்சிட்டான்னு) ஊர் சொல்லும், ஸ்டேஷன்ல சந்தேக மரணம்னு பதிவாகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பிரிவு 174, 2024 ஜூலை 1க்குப் பிறகு அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்துல 194. மூணு சாவு மூணு ஸ்டேஷன் எல்லையில நடந்தா மூணு ஃபைல். யாரும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கமாட்டாங்க. கர்நாடகத்துல சயனைட் மோகன் 2003லேர்ந்து 2009 வரை பிடிபடாம இருந்தது இதனாலதான். வேற வேற ஊர் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில பெண்கள் செத்துக் கிடந்தாங்க, ஒவ்வொண்ணும் தனித்தனிச் சந்தேக மரணமாவே கிடந்தது. மூணையும் சேர்த்துப் பார்க்கிற முதல் கண்ணு உங்க பிள்ளைகளோடதா இருக்கட்டும்.

இன்னொண்ணு: அந்தப் பொண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி நோட்டீஸ் போகுற மாதிரி எழுதாதீங்க. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 179 படி பெண்களையும் 15 வயசுக்குக் கீழ் உள்ளவங்களையும் வீட்டுல வச்சுத்தான் விசாரிக்கணும். அவங்களா விரும்பி வந்தா வரலாம். பையன்களுக்குப் பதினேழுங்கிறதால அந்த விலக்கு கிடையாது. இந்த வித்தியாசத்தையே ஒரு காட்சியாக்கலாம். போலீஸ் விசாரிச்சு 180ஆம் பிரிவுல எழுதுற வாக்குமூலத்துல சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது. கதைகள்ல அடிக்கடி வர்ற தப்பு இது.

மகஜர்:
பிள்ளைகள் தடயத்தைக் கையில எடுக்கவே கூடாது. செத்தவளோட செல்லைப் பையன் பாக்கெட்டுல போட்டுட்டு வந்தா, பறிமுதல் மகஜர்ல (பொருளைக் கைப்பற்றினதுக்கு எழுதுற பதிவு) அதைக் கண்டெடுத்த இடம்னு எதை எழுதுறது? எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல அதைத்தான் பிடிப்பார். பார்த்த இடத்துலயே விட்டுட்டு ஆளைக் கூப்பிடணும்.

வீடியோ எடுத்தாங்கன்னா வாட்ஸ்ஆப்ல அனுப்பினா போதாது. கோப்பு சுருங்கும், எடுத்த நேர விவரம் போயிரும், கோப்போட கைரேகை மாதிரியான ஹேஷ் மதிப்பு மாறிரும். புதிய சாட்சியச் சட்டம் (பி.எஸ்.ஏ.) 63ஆம் பிரிவுச் சான்றிதழ்ல அந்த மதிப்பையும் எழுதணும். அதனால மூலக் கோப்பு உள்ள போனையே கொடுக்கணும். பரீட்சை நேரத்துல ஒரு பொண்ணு மாசக்கணக்குல போன் இல்லாம இருக்கிறது கதைக்கு நல்ல நெருக்கடி. கடை சிசிடிவியும் நிரந்தரம் இல்ல. ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சா பழசு மேல புதுசு பதிஞ்சிரும்.

பால்வெட்டு:
உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்ங்கிற மாதிரித் துப்பு வேணும்னா ரப்பர் தோட்டத்துக்கு வாங்க. பாலெடுக்கப் பட்டையைக் கீறுற வெட்டு விடியறதுக்கு முன்னால தொடங்கும், பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள். எந்த வரிசை வரைக்கும் பட்டையில புது வெட்டு இருக்கு, எந்த மரத்துலேர்ந்து பால் பிடிக்கிற சிரட்டை காலியா கிடக்குன்னு பார்த்தா, வெட்டுற ஆள் எந்த நேரத்துல நிறுத்தினார்னு கணக்கு வரும். 300 மரம் வெட்டுறவர் 120ல நின்னா ஏன் நின்னார்? வெளிமாவட்டத்துலேர்ந்து வந்த இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு எல்லா மரமும் ஒண்ணுதான். மழை மறைப்பு கட்டாத தோட்டத்துல மழை நாளைக்கு வெட்டு நடக்காது, அதையும் பார்த்துக்கிடுங்க.

கடலோரம்:
முட்டம் பாறையில ஒதுங்கின உடல், உண்மையில உள்நாட்டுக் குளத்துல முக்கிக் கொல்லப்பட்டதுன்னு எப்படிக் காட்ட?

மகஜர்:
டயாட்டம் சோதனை. உயிரோட தண்ணியில மூழ்கினா டயாட்டம்ங்கிற நுண்பாசி நுரையீரல் வழியா ரத்தத்துல கலந்து எலும்பு மஜ்ஜை வரைக்கும் போகும். செத்தபிறகு போட்டா ரத்த ஓட்டம் இல்லாததால மஜ்ஜைக்குப் போய்ச் சேராது. தொடை எலும்பு மஜ்ஜையில நன்னீர் இனம் மட்டும் இருந்து உடல் கடல்ல கிடைச்சா, கேள்வி எழும். ஆனா ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குளத்துத் தண்ணி மாதிரி வேணும். எந்தக் குளம்னு தெரியணும். பிள்ளைகள் சொல்லட்டும், மாதிரியைப் போலீஸ் எடுக்கட்டும். ரெண்டு பருவமழையும் பெய்யற மாவட்டம் இது. நாள் தள்ளிப்போனா குளத்துப் பாசி மாறிரும். டயாட்டம் கிடைக்கலேன்னா மூழ்கிச் சாகலேன்னு டாக்டர் சொல்லிரமாட்டார், அப்படி வசனம் வைக்காதீங்க.