சோளன் வேர் சுடுமல்லி விதையை முளைக்கச் செய்வது எவ்வாறு?

குச்சவெளிக் கமக்காரன்:
கடந்த பெரும்போகத்தில் எமது மேட்டுக் காணியில் சோளன் இட்டிருந்தோம். மழை இருந்தும் இலைகள் வாடின. அடியைச் சுற்றிச் சாண் உயரத்தில், சின்னஞ்சிறு வெண்பூக்களுடன் ஒரு களை எழுந்தது. மண்ணோடு தோண்டிப் பார்த்தபோது அதன் வேர் சோளன் வேரிலேயே ஒட்டியிருந்தது. விவசாயப் போதனாசிரியர் அதைச் சுடுமல்லி என்றார். அதற்கு முந்தைய வருடம் அதே காணியில் கச்சான் இட்டபோது இக்களை ஒன்றுகூடத் தென்படவில்லை. சோளன் வேரில் என்ன இருக்கிறது?

வேரடி:
ஐயா, சுடுமல்லி விதையை முளைக்கத் தூண்டும் ஸ்ட்ரிகோலாக்டோன்கள் எனும் பொருள்களை வேர் மிக நுண்ணிய அளவில் கசியவிடுகிறது. இவற்றுள் முதலாவது 1966இல் பருத்தி வேர்க் கசிவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. வேடிக்கை என்னவெனில், பருத்தியில் சுடுமல்லி ஒட்டி வாழ்வதே இல்லை. செடி தன் பகையைத் தானே ஏன் அழைக்கிறது என்பதற்கு 2005இல்தான் விடை கிடைத்தது. அவ்வழைப்பு உண்மையில், மண்ணிலுள்ள பொசுபரசைத் தேடிக் கொண்டுவந்து வேருக்குக் கொடுக்கும் பங்கசுகளுக்கானது. களை அதை ஒட்டுக்கேட்கிறது.

சுடுமல்லி விதையின் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர்தான். உள்ளே சேமிப்பு மிகக் குறைவு என்பதால், முளைத்துச் சில நாட்களுக்குள் வேரைப் பற்றாவிட்டால் மடிந்துவிடும். ஆகவே ஈரத்திலும் வெப்பத்திலும் ஓரிரு வாரங்கள் கிடந்த பின்னரும், வேரின் கசிவு எட்டும்வரை அது காத்திருக்கிறது. இப்பொருள் மண்ணில் விரைவில் சிதைவதால், வேருக்குச் சில மில்லிமீற்றர் தொலைவிலுள்ள விதைகளையே பெரும்பாலும் எட்டுகிறது.

குச்சவெளிக் கமக்காரன்:
2021இல் பசளை கிடைக்காமற் போனதிலிருந்து அக்காணிக்கு டி.எஸ்.பி. எனும் பொசுபரசுப் பசளை இடவேயில்லை. அதுவும் காரணமாகுமா?

வேரடி:
ஆகலாம். பொசுபரசுப் பட்டினியில்தான் வேர் அதிகமாகக் கசியவிடுகிறது. இருப்பினும் விதை மண்ணில் இல்லாவிட்டால் பசளைக் குறைவு மட்டும் களையைக் கொண்டுவராது.

தம்பலகாமத்தான்:
கச்சானைப் பற்றி ஒரு சொல். களை தென்படவில்லை என்பதால் விதை முளைக்கவில்லை என்று கொள்ள வேண்டாம். கச்சான் வேரின் கசிவும் சுடுமல்லி விதையை முளைக்கச் செய்யக்கூடியது. ஆனால் பற்றி வாழ இடமின்றி முளை மண்ணுக்குள்ளேயே இறந்துவிடும். கௌப்பியும் இவ்வாறே உதவும். ஆயினும் ஒரு போகம் போதாது. ஒரு செடி பல்லாயிரம் விதை தரும், அவை பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அடுத்த சோளனுக்கு முன் சில போகங்கள் கச்சானும் கௌப்பியும் மாற்றி இடுங்கள். சுடுமல்லி எங்கேனும் தலைகாட்டினால், காய் முற்றுமுன் பிடுங்கி எரித்துவிடுங்கள்.