மோவாப் சைக்கிள் ட்ரிப் – போயிட்டு வந்தாச்சு, அப்டேட்

போன மாசம், அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து மோவாப் ஊர் பக்கம் இருக்கற ஒயிட் ரிம்ங்கற மண் ரோட்டை சைக்கிள்ல மூணு நாள்ல முடிக்கலாமா, தண்ணிக்கு என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன்ல, முடிச்சாச்சு. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுல அந்த லூப் சுமார் 160 கிலோமீட்டர், வழியில குடிதண்ணி ஒரு சொட்டு கிடையாது, ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர்னு கணக்கு போட்டு கூட வந்த ஜீப்ல ஏத்தினோம், அப்பவும் மூணாவது நாள் பாத்து பாத்துதான் குடிச்சோம். பர்மிட் முன்னாடியே வாங்கிடுங்க, ஒரே ஒருநாள் சைக்கிள் ஓட்டினாலும் அது வேணும்.

மோவாப்ல இருக்கற இன்னொரு சைக்கிள் பாதை, ஸ்லிக்ராக் (வழுக்குப் பாறை) ட்ரெயில், பேருக்கு நேர் எதிர். வழுக்கவே வழுக்காது, மணற்பாறை உப்புத்தாள் மாதிரி டயரை புடிச்சுக்குது. அந்தக் காலத்துல குதிரை லாடம் வழுக்குனதால வந்த பேராம். விழுந்தா முட்டி தோல் போகும், எனக்குப் போச்சு.

அப்புறம் பஞ்சர். அங்க கோட்ஹெட்னு எல்லாரும் பயப்படுறது வேற ஒண்ணும் இல்ல, நம்ம நெருஞ்சி முள்ளேதான்! ட்யூப்லெஸ்ஸுக்கு (உள்ள ட்யூப் இல்லாத டயர்) மாறச் சொன்னவங்களுக்கு கோடி நன்றி.

பிளான்ல இல்லாம, அதே யூட்டாவுல சான் ரஃபேல் ஸ்வெல்ங்கற பாறைப் பிரதேசம் பக்கம் மண் ரோட்டுல திரும்பினோம், ராத்திரி மழை, காலைல களிமண் சக்கரத்துல அப்பி ஃப்ரேமே அடைச்சுக்கிச்சு, காயற வரைக்கும் மத்தியானம் வரை உக்காந்திருந்தோம். ஆனா அங்க வெட்ஜ்ங்கற பள்ளத்தாக்கு விளிம்புல நின்னு கீழ ஆத்தைப் பாத்தப்போ, மோவாபை விட இதுதான் எனக்குப் புடிச்சுது.

ஜிபிஎஸ் ட்ராக் கேட்டவங்களுக்கு நாளைக்கு அனுப்புறேன்.